ஆறாத புண்ணும் அகத்து நோயும்

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டனர். சமயக் கட்டுரை எழுதும் தகுதி எனக்கில்லை. கோப்பெங் வட்டாரத் தோட்டங்களில் 28 ஆண்டுகள் மருந்தகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். அக்காலத்தில் ஜனங்கள் எங்களை ‘டிரஸர்’ என்று அழைப்பார்கள். ஆகவே, எனக்குத் தெரிந்த மருத்துவச் செய்தி ஒன்றையே எழுதத் துணிந்தேன். இது மிக அபூர்வமான ஒரு நோயைப் பற்றியது. ஆயினும் அதிலிருந்து கிடைக்கும் பாடம் அபூர்வமானதன்று. நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன்படக் கூடியது.

நோயைச் சொல்லுமுன் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1983-ஆம் ஆண்டு அவர் என் மருந்தகத்துக்கு வந்தார். பால் மரம் வெட்டும் தொழிலாளி. ஐம்பது வயதைக் கடந்தவர். பெயரை இங்கே எழுதவில்லை. இடுப்புக்குக் கீழே, தொடை இடுக்கிலும் பிட்டத்திலும் சிவந்த தடிப்புகள். ஓரத்தில் சிறு கொப்புளங்கள்; அவை உடைந்து பொருக்குத் தட்டியிருந்தன. நடுப்பகுதி ஆறிக் கறுத்திருந்தது. படர்தாமரை என்று நினைத்து வைட்பீல்ட் களிம்பு கொடுத்தனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து மீண்டும் வந்தார். “டிரஸரையா, இது ஒரு எடத்துல ஆறுது, இன்னொரு எடத்துல கெளம்புது. நடந்து போற புண்ணா இருக்குதுங்க” என்றார்.

“வேர்வையும் ஈரமும் ஒத்துக்கலண்ணே. மருந்தை விடாமப் போடுங்க, போயிரும்” என்றேன்.

போகவில்லை. சொறி சிரங்காக இருக்குமோ என்று பென்சில் பென்சோவேட் கொடுத்தேன். அடுத்து ஊதா மருந்து தடவினேன். அவர் மனைவி அக்கி என்று எண்ணி, செங்காவி குழைத்து அக்கி எழுதக் கூட்டிப் போனார். பிறகு வேப்பிலை அரைத்துப் பூசினார்கள். இதற்கிடையில் அவருக்கு நாக்கு எரிச்சல். நாக்கு வழவழப்பாகி, மாட்டிறைச்சி போலச் சிவந்திருந்தது. வாயோரமும் வெடித்திருந்தது. சத்துக் குறைவு என்று வைட்டமின் மாத்திரை கொடுத்தேன். தாகம் அதிகமாக இருக்கிறது என்றார். சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலில் காய்ச்சிப் பார்த்தேன். செங்கல் நிறம் காட்டியது. இனிப்பு நீர் என்று அதற்கும் மாத்திரை தொடங்கினேன். ஆள் இளைத்துக்கொண்டே போனார். இனிப்பு நீர் வந்தால் இளைப்பது இயல்புதானே என்று இருந்துவிட்டேன்.

1984-இல் ஒருநாள் ஒரு கால் மட்டும் வீங்கியது. இரண்டு நாளில் திடீரென மூச்சுத் திணறல். தோட்ட லாரியில் ஈப்போவுக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே உயிர் பிரிந்தது.

என் பதிவேட்டில் அவர் பெயர் பன்னிரண்டு முறை இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நோயின் பெயர். தோலுக்கு ஒன்று, நாக்குக்கு ஒன்று, சிறுநீருக்கு ஒன்று. எல்லாம் ஒரே மனிதருடையவை என்பது என் பேனாவுக்குத் தெரிந்திருந்தது. என் மூளைக்கு எட்டவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், தாதியர் பயிற்சியில் இருந்த என் மகள் விடுமுறைக்கு வந்தபோது தோல் நோய்களைப் பற்றிய பாடநூல் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதைப் புரட்டிக்கொண்டிருந்தவன் ஒரு வண்ணப்படத்தைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். அதே தடிப்பு, அதே கறுத்த நடு, அதே பொருக்கு. கீழே எழுதியிருந்த நோய் தோலைச் சேர்ந்ததே அன்று. கணையத்தில் தோன்றும் ஒரு கட்டி.

கணையத்தின் இரண்டு கணக்கர்கள்

இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே கிடக்கும் உறுப்பு கணையம். உணவு செரிக்க நீர் சுரப்பது அதன் வேலைகளுள் ஒன்று. அதற்குள்ளே கடலில் தீவுகள் போலச் சிறு அணுத்திட்டுகள் இருக்கின்றன. 1869-இல் பெர்லினில் மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் என்பவர் அவற்றை முதலில் விவரித்தார். அவர் பெயராலேயே அவை இன்றும் அழைக்கப்படுகின்றன. இன்சுலின் அங்கிருந்துதான் வருகிறது. கனடாவில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் 1921-இல் அதனைப் பிரித்தெடுத்த வரலாறு பலருக்குத் தெரியும்.

அதே திட்டுகளில் ஆல்பா அணுக்கள் என்பவை குளுக்ககோன் என்ற மற்றொரு சுரப்பைத் தருகின்றன. 1923-இல் கிம்பல், மர்லின் என்ற இருவர் அதற்குப் பெயரிட்டனர். இன்சுலினும் குளுக்ககோனும் எதிரெதிர் வேலை செய்பவை. தோட்டத்து ஸ்டோரில் இரண்டு கணக்கர்கள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவர் வந்த அரிசியை உள்ளே வாங்கி அடுக்குகிறார். அவர் இன்சுலின். மற்றவர் தேவைப்படும்போது எடுத்து வெளியே கொடுக்கிறார். அவர் குளுக்ககோன். நாம் விரதம் இருக்கும்போதும் தூங்கும்போதும் இரத்தத்தில் சர்க்கரை குறையாமல் காப்பவர் இந்த இரண்டாமவரே.

ஆல்பா அணுக்களில் கட்டி உண்டானால் இரண்டாவது கணக்கருக்குப் பித்துப் பிடித்தது போலாகும். யாரும் கேளாமலே அள்ளிக் கொடுப்பார். இரத்தத்தில் சர்க்கரை ஏறும். அரிசி தீர்ந்தபின் ஸ்டோரின் பலகைகளையே பெயர்த்து விற்பார். அதாவது, உடலின் புரதச் சத்தைச் சேர்ந்த அமினோ அமிலங்களைக் கல்லீரல் சர்க்கரையாக மாற்றிவிடும். ஆகவே நோயாளி உண்டும் இளைப்பார். தோலுக்கு நாள்தோறும் புதிய அணுக்களைக் கட்டப் புரதம் வேண்டும். அது கிடைக்காமல் மேல்தோலின் அணுக்கள் மடிகின்றன. துத்தநாகச் சத்துக் குறைவும் இதனோடு சேரும். உராய்வும் அழுத்தமும் உள்ள இடங்களில், அதாவது தொடை இடுக்கு, பிட்டம், கால், வாயோரம் ஆகியவற்றில் தோல் முதலில் விட்டுக்கொடுக்கிறது.

இக்கட்டியின் பெயர் குளுக்ககோனோமா. ஆண்டொன்றுக்கு இரண்டு கோடிப் பேரில் ஒருவருக்கு வருவதாக மதிப்பிடுகின்றனர். மலேசியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ மூன்றரைக் கோடி. அப்படியானால் நாடு முழுவதிலும் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவர் என்று கணக்கு வருகிறது. பெரும்பாலும் ஐம்பது வயதையொட்டியும் அதற்கு மேலும் காணப்படும்.

பெயர் வந்த கதை

இந்நோயை உலகுக்கு முதலில் சொன்னவர்கள் தோல் மருத்துவர்களே என்பது கவனிக்கத் தக்கது. 1942-இல் பெக்கர், கான், ரோத்மன் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள், உள்ளுறுப்புப் புற்றுநோய்கள் தோலில் காட்டும் அடையாளங்களைப் பற்றி எழுதினர். அதில் கொப்புளமும் புண்ணுமாக உடலெங்கும் தடிப்பு இருந்த ஒரு பெண்ணின் கணையத்தில் கட்டி இருந்ததைப் பதிவு செய்தனர். ஆனால் இரண்டையும் இணைக்கும் நூல் எது என்பது அன்று புலப்படவில்லை. குளுக்ககோனை இரத்தத்தில் அளக்கும் முறையே அப்போது இல்லை.

அந்த முறையை 1959-இல் ரோஜர் உங்கர் குழுவினர் உருவாக்கினர். அதன் பயனாக 1966-இல் மக்கேவ்ரன் என்பாரும் உங்கர் உள்ளிட்ட அவருடைய துணைவரும், குளுக்ககோன் சுரக்கும் கணையக் கட்டியை ஒரு பெண்ணிடம் நிரூபித்துக் காட்டினர். அவருக்கும் நீரிழிவும் தோல் தடிப்பும் இருந்தன. 1973-இல் இங்கிலாந்தின் தோல் மருத்துவர் வில்கின்சன் அத்தடிப்புக்கு ‘நெக்ரோலிட்டிக் மைக்ரேட்டரி எரித்தீமா’ என்று பெயர் சூட்டினார். அணுக்கள் மடிந்து இடம் விட்டு இடம் நகரும் செந்தடிப்பு என்பது அதன் பொருள். 1974-இல் மாலின்சன் குழுவினர் ஒன்பது நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, தடிப்பு, நீரிழிவு, இளைப்பு, சோகை, நாக்குப் புண் அனைத்தும் ஒரே நோயின் அங்கங்கள் என்று எடுத்துக்காட்டினர்.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. “நடந்து போற புண்ணு” என்று அந்தத் தொழிலாளி என்னிடம் சொன்னாரே, வில்கின்சன் கொடுத்த பெயரும் அதுதான். பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒரு மனிதர் தம் உடம்பைக் கவனித்துச் சரியாகவே சொன்னார். சொன்னதை நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருக்கு இருந்தது இந்நோய்தான் என்று நான் சாதிக்கவில்லை. அதற்குரிய பரிசோதனை ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் போனதற்கு நான் ஒரு காரணம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

அறிகுறிகளும் பரிசோதனையும்

இந்நோயின் அடையாளங்களைத் தொகுத்துச் சொன்னால் வாசகர்களுக்கு உதவும். ஒன்று, ஒரு பக்கம் ஆறி மறுபக்கம் தோன்றும் தடிப்பு. ஒவ்வொரு தடிப்பும் ஒன்றிரண்டு வாரங்களில் சிவந்து, கொப்புளித்து, உடைந்து, பொருக்குத் தட்டி, கருநிறம் விட்டு ஆறும். இரண்டு, காரணமில்லாத எடைக் குறைவு. மூன்று, புதிதாகத் தோன்றிய நீரிழிவு. இது பெரும்பாலும் கடுமையாக இராது. நான்கு, சிவந்து எரியும் நாக்கும் வாயோர வெடிப்பும். ஐந்து, இரத்தச் சோகை. ஆறு, வயிற்றுப்போக்கும் மனச்சோர்வும். ஏழு, கால் நரம்புகளில் இரத்தம் உறைதல். இந்நோயாளிகளில் மூவரில் ஒருவர் வரை இவ்வாறு இரத்தக்கட்டி உண்டாகலாம் என்கின்றனர். அக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் திடீர் மரணம் நேரும். ஒரு கால் மட்டும் வீங்கினால் அதை ஒருபோதும் அலட்சியம் செய்யலாகாது.

பரிசோதனை கடினமன்று, நினைப்பு வருவதுதான் கடினம். இரத்தத்தில் குளுக்ககோன் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 500 பிகோகிராமுக்கு மேற்பட்டால் சந்தேகம் வலுக்கும். பலருக்கு 1000-ஐயும் தாண்டியிருக்கும். தோலிலிருந்து சிறு துண்டெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புதிய தடிப்பின் ஓரத்திலிருந்து எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும். முதல் முறை தெரியாமல் மீண்டும் எடுக்க நேர்வதும் உண்டு. சிடி ஸ்கேன் எடுத்தால் கட்டி பெரும்பாலும் கணையத்தின் வால் பகுதியில் காணப்படும்.

இத்தகைய தடிப்பு வந்தவர் எல்லாருக்கும் கணையக் கட்டி என்று பயப்படவும் கூடாது. துத்தநாகக் குறைவு, கல்லீரல் நோய், சத்துணவை உடல் ஏற்காத குடல் நோய் ஆகியவற்றிலும் இதே போன்ற தடிப்பு உண்டாகும். கரப்பான், காளாஞ்சகப்படை, காளான் தொற்று ஆகியவையும் பார்வைக்கு ஒத்திருக்கும். எது எதுவென்று பிரித்தறிவது மருத்துவர் வேலை. அவரிடம் போய்ச் சேர வேண்டியது நம் வேலை.

சிகிச்சை உண்டு

கணையப் புற்று என்றவுடன் மனம் தளர்வது இயல்பு. ஆனால் கணையத்தில் சாதாரணமாக வரும் புற்றுநோய் வேறு. சுரப்பு அணுக்களில் வரும் இவ்வகைக் கட்டி வேறு. இது பெரும்பாலும் மெதுவாக வளரும். பரவிய பின்னும் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆப்பிள் கணினி நிறுவனத்தைத் தோற்றுவித்த ஸ்டீவ் ஜாப்ஸுக்கு வந்ததும் கணையத்தின் சுரப்பு அணுக்களில் தோன்றும் கட்டிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 2003 அக்டோபரில் அது கண்டறியப்பட்டது. வேறு முறைகளில் குணம் காண முயன்று, 2004 ஜூலையில்தான் அவர் அறுவை சிகிச்சைக்கு இசைந்தார். 2009-இல் கல்லீரல் மாற்றப்பட்டது; 2011-இல் காலமானார். முன்னரே இசைந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை யாரும் சொல்ல இயலாது. ஆனால் பணமும் அறிவும் மிகுந்தவர்களும் காலம் தாழ்த்துவதுண்டு என்பது இதனால் விளங்கும்.

குளுக்ககோனோமா பரவுமுன் அகப்பட்டால் அறுவை சிகிச்சையால் முற்றிலும் நீக்கலாம். கட்டி அகன்றால், மாதக்கணக்கில் எந்தக் களிம்புக்கும் அடங்காத தடிப்பு சில நாள்களிலேயே மறையத் தொடங்கும். துயரம் என்னவென்றால், கண்டறியப்படும் வேளையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது கல்லீரல் முதலிய இடங்களுக்குப் பரவிவிட்டிருக்கும். அப்போதும் வழியுண்டு. 1980-களில் வந்த ஆக்ட்ரியோடைட் என்ற ஊசிமருந்து குளுக்ககோன் சுரப்பை அடக்குகிறது. அமினோ அமிலங்களை இரத்தநாளம் வழியே செலுத்தினால் தடிப்பு ஆறும் என்பது 1979-இலேயே தெரியவந்தது. கணையத்தின் இவ்வகைக் கட்டிகளுக்கு எவரோலிமஸ், சுனிடினிப் என்ற மாத்திரைகள் 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. கட்டியைத் தேடிச் சென்று கதிர்வீச்சுத் தரும் லுட்டேஷியம் மருந்து 2017-இல் ஐரோப்பாவிலும் 2018-இல் அமெரிக்காவிலும் அனுமதிக்கப்பட்டது.

நமக்கு இதில் என்ன?

‘நாட்டில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும் நோயைப் பற்றி நாங்கள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?’ என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

2019-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இது நூற்றுக்கு 31.4. நம்மிடையே இனிப்பு நீர் வராத வீடு இல்லை என்று சொல்லுமளவுக்கு இருக்கிறது. ஆகவே ஒருவருக்குப் புதிதாகச் சர்க்கரை ஏறினால், ‘அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வந்துவிட்டது’ என்று அத்தோடு விட்டுவிடுகிறோம். இளைத்தால் ‘சர்க்கரைதான்’ என்கிறோம். புண் ஆறாவிட்டாலும் ‘சர்க்கரைதான்’ என்கிறோம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். அப்படிச் சரியாக இருப்பதனாலேயே, சரியில்லாத ஒருவர் நம் கண்ணில் படாமல் போகிறார். குளுக்ககோனோமா மட்டுமன்று, கணையத்தின் சாதாரணப் புற்றுநோயும் வயது முதிர்ந்தவரிடம் புதிய நீரிழிவாகவும் எடைக் குறைவாகவும் முதலில் தலைகாட்டுவதுண்டு.

தோலில் எது கண்டாலும் அம்மன் என்றும் அக்கி என்றும் கொள்வது நம் முன்னோர் வழக்கம். அவர்களைப் பழிக்க எனக்கு மனமில்லை. பெரியம்மைக்கு மருந்தில்லாத நாளில், நோயாளியைத் தனியே வைத்து, வேப்பிலையால் வீசி, ஊரே சுத்தம் காத்ததில் அறிவும் இருந்தது, அன்பும் இருந்தது. பத்து காஜாவிலிருந்து கோப்பெங் வரும் சாலையில் உள்ள கெல்லி கோட்டை அருகில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. கோட்டை கட்டிய தொழிலாளர்களிடையே கொள்ளை நோய் பரவியபோது, அவர்கள் துரையிடம் கேட்டு எழுப்பியது என்று சொல்வார்கள். ஆனால் 1980-இல் பெரியம்மை உலகை விட்டே ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. மூன்று மாதம் ஆறாத புண்ணுக்கு இன்னும் ‘அம்மன்’ என்று காத்திருப்பது அந்த முன்னோரின் அறிவுக்கும் உகந்ததன்று. வேண்டுதலை நிறைவேற்றுங்கள், அதே நாளில் கிளினிக்குக்கும் போங்கள்.

நோயை மட்டும் பாராமல் அது எதிலிருந்து வந்தது என்பதையும் ஆராய வேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் கூறுகிறார். அது மருத்துவருக்கு மட்டும் சொன்னதன்று என்றே நான் எண்ணுகிறேன்.

என் அனுபவத்தில் கண்ட சில குறிப்புகளைச் சொல்லி முடிக்கிறேன். எந்தத் தடிப்பும் புண்ணும் நான்கு வாரச் சிகிச்சைக்குப் பின்னும் ஆறாவிட்டால், அதே களிம்பை மீண்டும் வாங்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். தேவையானால் அவர்களே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையின் தோல் நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். பெயர் தெரியாத களிம்புகளைக் கடையில் வாங்கிப் பூச வேண்டாம். அவற்றுள் சில நோயைக் குணப்படுத்தாமல் அதன் முகத்தை மட்டும் மாற்றிவிடும். பிடரியிலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுப்பது அழுக்கன்று, தேய்த்தால் போகாது. நீரிழிவு வரப்போவதன் அடையாளமாக அது இருக்கலாம். சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. மருத்துவரிடம் போகும்போது எல்லாத் தொல்லைகளையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தோலுக்கு ஓர் இடம், சர்க்கரைக்கு ஓர் இடம், வாய்ப்புண்ணுக்குப் பல் மருத்துவர் என்று பிரித்துக் காட்டினால், மூவரும் நல்லவர்களாகவும் வல்லவர்களாகவும் இருந்தும் முழு மனிதரை ஒருவரும் பார்க்காமல் போவார்கள். எப்போது தொடங்கியது, எங்கே நகர்ந்தது, எத்தனை கிலோ குறைந்தது என்று எழுதுங்கள். எழுத முடியாத முதியவருக்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதித் தர வேண்டும். துணைக்கு ஆளில்லாதவர் பக்கத்து வீட்டில் இருந்தால், ஒரு காலைப் பொழுதை அவருக்காகக் கொடுத்து உடன் சென்று வாருங்கள். அதுவும் ஓர் அறப்பணியே.

அந்தத் தொழிலாளியின் மனைவி இன்று இல்லை. காரியம் முடிந்த பின் ஒருநாள், மிச்சமிருந்த களிம்பு டப்பாக்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து, “வேற யாருக்காச்சும் ஆவும், வச்சுக்குங்கய்யா” என்று என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது டப்பாக்கள் இருந்தன. அவற்றை யாருக்கும் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அவற்றுக்குப் பதிலாக இந்தக் கட்டுரையை இன்று கொடுக்கிறேன். யாருக்காவது ஆகட்டும்.